கோதுமைக் காட்டில் குடியானவர் முகங்கள்

வெள்ளி இரவு, ரூபான்யப்

காலையில் மெல்பர்னை விட்டுக் கிளம்பி பலாரட், அராரட், ஸ்டாவெல் என்று மேற்கு நெடுஞ்சாலையிலேயே வந்தோம். ஸ்டாவெலைத் தாண்டி வடக்கே திரும்பியதும் நிலம் ஒரே தட்டையாகிவிட்டது. அதுவரை கூடவே வந்த குன்றுகளும் யூகலிப்டஸ் மரங்களும் பின்தங்கிவிட, இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் பயிர்தான். செப்டம்பர் மாதம் என்பதால் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் பூத்து மஞ்சளாகக் கிடக்கிறது. அதை ஒட்டிப் பச்சைக் கோதுமை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல கிலோமீட்டர். வண்டி ஓட்டுகிறவள் மெல்பர்னில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள். கடலோரச் சாலைக்குப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான் பிடிவாதமாக இந்தப் பக்கம் கூட்டிவந்தேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் மேற்கே விம்மெரா, மாலீ என்று இரண்டு தானியச் சீமைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே ரயில் பாதை ஓரமாக நிற்கும் பழைய சைலோக்களின் மேல், அந்தந்த ஊர்க்காரர்களின் உருவங்களைப் பத்து மாடி உயரம் வரை வரைந்திருக்கிறார்கள். சைலோ என்றால் தானியத்தைக் கொட்டிச் சேமிக்கும் உருளை வடிவக் கட்டடம். தெற்கே இந்த ரூபான்யப்பில் தொடங்கி, வடக்கே பாட்சிவல்லாக் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்குள் ஆறு ஊர்கள். எந்த ஊரிலும் கட்டணம் கிடையாது, காவலாள் கிடையாது. சாலையோரம் வண்டியை நிறுத்தி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நம் ஊரில் சுவரளவு முகம் என்றால் தலைவருடையதாக இருக்கும், நடிகருடையதாக இருக்கும். சென்னையில் கண்ணகி நகரிலும் இந்திரா நகர் ரயில் நிலையத்திலும் சாதாரண மனிதர்களின் முகங்கள் சுவரேறியது அண்மைக் காலத்தில்தான். விளைவிக்கிறவரின் முகத்தை, அவர் விளைவித்த தானியம் கிடந்த சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்து எனக்கு இங்கே வர ஆசை. மன்னார்குடிப் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். அந்த ஆசைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

"அத்தை, அதோ பாருங்கள்" என்று அவள் காட்டியபோது ஊர் இன்னும் வரவில்லை. ரூபான்யப்பின் சைலோக்கள் மற்ற ஊர்களில் இருப்பவை போன்ற காங்கிரீட் கோபுரங்கள் கிடையாது. குட்டையான, அகன்ற இரும்புத் தொட்டிகள். அவற்றின் மேல் ஒரு பெண்ணும் ஒரு பையனும். பெண், கூடைப்பந்து போன்ற நெட்பால் ஆட்டத்தின் உடையில், பையன் ஆஸ்திரேலியக் கால்பந்து உடையில். இருவரும் இந்த ஊர் அணியில் ஆடியவர்கள். ஜூலியா வோல்ச்கோவா என்ற ரஷ்ய ஓவியர் 2017-இல் வரைந்தது. கரித்துண்டால் தீட்டியதுபோல முழுக்கக் கறுப்பும் சாம்பலும். கிட்டப் போனால் இரும்புத் தகட்டின் நெளிவுதான் தெரிகிறது. ஒவ்வொரு நெளிவின் மேட்டிலும் பள்ளத்திலும் நிழல் வேறுவேறு அழுத்தத்தில் ஏறியிருக்கிறது. இருபது எட்டு பின்னால் வந்தால் அந்தக் கோடுகளே கன்னத்தின் சதையாகிவிடுகின்றன.

விளையாட்டு உடையில் வரைந்தது ஏன் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. மாலையில் மைதானத்துப் பக்கம் நடந்தபோது பிடிபட்டது. இத்தகைய சிற்றூர்களில் ஊர் கூடுகிற இடம் சனிக்கிழமை ஆட்டம்தான். ஆண்களின் கால்பந்தும் பெண்களின் நெட்பாலும் ஒரே கிளப், ஒரே நாள். பிள்ளைகள் படிக்க நகரத்துக்குப் போய்விட்டால் அணிக்கு ஆள் குறையும், பக்கத்து ஊர் அணியோடு சேர்க்க வேண்டிவரும். அணி போனால் ஊர் பாதி போனதுபோல. அதனால் இளையவர்கள் இருவர் ஊர்ச் சீருடையில் நிற்பதற்கு இங்கே பெரிய அர்த்தம் இருக்கிறது.

இன்னொன்று. இந்த வட்டாரம் கோதுமைக்கு மட்டும் பேர் போனதில்லை. பருப்பும் கொண்டைக்கடலையும் இங்கே ஏராளமாக விளைகின்றன. ஆஸ்திரேலியாவின் மைசூர்ப் பருப்பு இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறுகிறது. யாழ்ப்பாணத்தில் யாரோ வைக்கும் பருப்புக் கறியின் பருப்பு இந்த வயல்களில் விளைந்ததாக இருக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் கொண்டுவந்த புளியோதரையைத் தங்கும் விடுதியின் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குளிர் நன்றாகவே இருக்கிறது.

சனி இரவு, வாரக்னபீல்

ஷீப் ஹில்ஸ் போவதற்கு மர்ட்டோவா வழி சுற்று. இருந்தாலும் அங்கே இருக்கும் பழைய தானியக் கொட்டகையைப் பார்க்காமல் சைலோக்களைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைத்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

1941. போர்க்காலம். கோதுமை விளைந்துவிட்டது, ஏற்றிப் போகக் கப்பல் இல்லை. சேமிக்கக் கிடங்கு கட்டலாம் என்றால் இரும்புக்கும் தட்டுப்பாடு. மலைக்காடுகளிலிருந்து மரங்களை வெட்டிக் கொண்டுவந்து, இழைக்காமல், அறுக்காமல், அப்படியே நட்டுக் கூரை போட்டுவிட்டார்கள். மொத்தம் 560 மரங்கள். நீளம் 265 மீட்டர், அகலம் 60 மீட்டர். சில மாதங்களில் கட்டி முடித்தார்கள். உள்ளே நுழைந்ததும் என் வாயில் வந்த சொல் ஆயிரங்கால் மண்டபம். மதுரையிலும் திருவரங்கத்திலும் கல்லில் கிடைக்கிற அதே மயக்கம் இங்கே மரத்தில் கிடைக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் தூண்கள் வரிசை மாறி வரிசை திறக்கின்றன. கூரையில் ஆங்காங்கே இருக்கும் கண்ணாடித் தகடுகள் வழியாக ஒளி இறங்குகிறது.

கூரையின் சரிவைக் கவனியுங்கள். தானியத்தை மேலிருந்து கொட்டினால் அது ஒரு குறிப்பிட்ட சாய்வில்தான் குவியும். அந்தக் குவியலின் சாய்வையே கூரைக்கும் கொடுத்திருக்கிறார்கள். களத்தில் பொலி குவித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சாய்வு கண்ணால் பார்த்தாலே தெரியும். என் தகப்பனார் இருந்திருந்தால் இதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டிருப்பார். தானியத்துக்கென்று இப்படி ஒரு நல்ல கூரை இருந்ததைப் பார்ப்பது, கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகள் நனைவதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பெரிய ஆறுதல்.

சைலோக்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். அதற்கு முன் இங்கே கோதுமை முழுவதும் சாக்குமூட்டையில்தான் போயிற்று. சணல் சாக்குகள் வங்காளத்திலிருந்து வந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் ரயில் நிலையங்களில் மலைமலையாக அடுக்குவார்கள். எலியும் மழையும் தின்றது போக மீதி கப்பலேறும். 1930-களின் கடைசியில் விக்டோரியா முழுக்க ரயில் பாதை நெடுகக் காங்கிரீட் சைலோக்களை எழுப்பினார்கள். தானியம் அங்கிருந்து ரயிலில் ஜீலாங் துறைமுகத்துக்குப் போகும். இந்தப் பாதையில் இனி நாங்கள் பார்க்கப் போகும் ஐந்து ஊர்ச் சைலோக்களும் 1938, 1939-இல் கட்டியவை. பிற்பாடு லாரிகள் பெரிதாயின, பெரிய ஊர்களில் பெரிய திறந்தவெளிக் கிடங்குகள் வந்தன, சிற்றூர்களின் சைலோக்களில் பல வேலையின்றி நின்றுவிட்டன.

மதியத்துக்கு மேல் ஷீப் ஹில்ஸ். ஊர் என்று சொல்லப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. சில வீடுகள், ரயில் பாதை, சைலோ. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சைலோவின் முன்னால் பேச்சு நின்றுவிடுகிறது.

நட்சத்திரங்கள் நிறைந்த இரவு வானம் பின்னணியில். அதன் மேல் நான்கு முகங்கள்: ஒரு முதியவர், ஒரு மூதாட்டி, அவர்களுக்கு நடுவே ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான வெர்காயா, வோட்ஜோபலுக் மக்களின் மூத்தோரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும். மெல்பர்ன் ஓவியர் ஆட்னேட் 2016 டிசம்பரில் முடித்தது. தூரிகையைத் தொடுவதற்கு முன்பே இந்த மக்களின் அமைப்பான பரெங்கி காட்ஜின் நிலக் கழகத்தோடு நான்கு வாரம் பழகியிருக்கிறார். அந்தப் பழக்கம் ஓவியத்தில் தெரிகிறது. நெற்றிச் சுருக்கத்தில் பரிதாபம் தேடாமல், வீரம் ஏற்றிக் காட்டாமல், ஒரு மனிதர் தன் பேரப்பிள்ளைகளோடு நிற்கும்போது எப்படி இருப்பாரோ அப்படி வரைந்திருக்கிறார். கண்களில் ஈரம் மின்னுகிற இடத்தில் வைத்த அந்த வெள்ளைத் துளி தூரத்திலிருந்தே தெரிகிறது.

நான் நாளெல்லாம் பார்த்து வந்த கோதுமை வயல்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாருடைய நிலம் என்ற கேள்விக்கு இந்தச் சுவர் ஒன்றுதான் நேராகப் பதில் சொல்கிறது. வெள்ளைக் குடியேறிகள் வந்து வேலி போட்டபோது இந்த மக்களின் வேட்டை நிலமும் நீர்நிலையும் ஒரே தலைமுறையில் பறிபோயின. நிலத்தின் மேல் அவர்களுக்கு உள்ள பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2005 டிசம்பரில்தான். விக்டோரியா மாநிலத்தில் அதுவே முதல் தீர்ப்பு. அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, அவர்கள் நிலத்தில் விளைந்த தானியத்துக்காகக் கட்டிய சைலோவில் அவர்கள் முகம் ஏறியிருக்கிறது. இந்த ஆறு ஊர்களில் ஓர் ஊருக்குத்தான் போக முடியும் என்றால் ஷீப் ஹில்ஸுக்குப் போங்கள் என்பேன்.

வெயில் சாயச் சாய சாம்பலும் ரோஸ் நிறமும் கலந்த கலா என்ற கிளிகள் கூட்டமாக இறங்கி, தண்டவாளத்தில் சிந்திய மணிகளைப் பொறுக்கின. அவற்றை நிமிர்ந்து பார்க்கக்கூட மனமில்லாமல் அந்த மூதாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு இரவு, பிரிம்

இன்றைய நாள் முழுவதும் இந்த ஒரே ஊரில். வாரக்னபீலிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஊருக்குள் ஒரு தேநீர்க் கடை, ஒரு மது விடுதி, யாரியம்பியாக் ஓடைக்குக் குறுக்கே ஒரு சிற்றணை, அதன் கரையில் கூடாரம் போட இடம். மரங்கள் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நிற்கின்றன.

விக்டோரியாவில் எல்லாம் தொடங்கியது இங்கேதான். சைலோவில் ஓவியம் வரைவது ஆஸ்திரேலியாவில் 2015-இல் மேற்குக் கோடியில் நார்தம் என்ற ஊரில் தொடங்கிவிட்டது. ஊர்க்காரர்களைச் சைலோவில் ஏற்றி, நாடே திரும்பிப் பார்க்க வைத்தது பிரிம். ஊரில் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். வேலையற்று நின்ற சைலோவில் ஏதாவது செய்யலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். ஜூடி ரோலர் என்ற மெல்பர்ன் ஓவிய நிறுவனம் கைகொடுத்தது, தானிய நிறுவனமான கிரெயின்கார்ப் சைலோவைக் கொடுத்தது, பெயிண்ட் நிறுவனங்கள் பெயிண்ட் கொடுத்தன. பிரிஸ்பேனைச் சேர்ந்த கைடோ வான் ஹெல்டன் வந்து இங்கேயே தங்கி, ஊர்க்காரர்களைப் படம் பிடித்து, கொளுத்தும் கோடையில், காற்றில் ஆடும் தூக்கு மேடையில் நின்று வரைந்தார். 2016 ஜனவரியில் முடிந்தது.

நான்கு சைலோக்கள், நான்கு பேர். வெவ்வேறு தலைமுறை. அதில் ஒரு பெண்ணும் உண்டு. நிறம் என்று தனியாக எதுவும் கிடையாது. காங்கிரீட்டின் பழுப்பும் சாம்பலும்தான் அவர்களின் தோலும் சட்டையும். மேலே முகம் துல்லியமாக இருக்கிறது. கீழே வரவர உடல் மெல்ல மங்கிச் சுவரிலேயே கரைந்துவிடுகிறது. இடுப்புக்குக் கீழே எங்கே ஆள் முடிகிறார், எங்கே காங்கிரீட் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இன்று காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் பார்த்தேன். பக்கவாட்டில் வெயில் விழும்போது உருளையின் வளைவு தூக்கலாகி முகங்கள் திரும்புவதுபோல இருக்கின்றன; உச்சி வெயிலில் பழைய புகைப்படம் போலத் தட்டையாகின்றன.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காங்கிரீட் ஊற்றியபோது பலகை ஏற ஏற விழுந்த கிடைக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. ஊசிமுனை அளவுக் குழிகள் ஏராளம். எழுபது எண்பது ஆண்டு மழை வழிந்த கறை நேர்கோடுகளாக இறங்கியிருக்கிறது. ஓவியர் இவற்றை மூடி மெழுகவில்லை. ஒரு சட்டையின் மடிப்பு வர வேண்டிய இடத்தில் மழைக்கறை இருந்தால் அதையே மடிப்பாக விட்டிருக்கிறார். தூக்கு மேடையில் நிற்பவருக்குத் தன் கைக்கெட்டும் தூரம்தான் தெரியும். ஒரு மூக்கு அவர் உயரத்தைவிடப் பெரிது. கீழே இறங்கி, சாலைக்கு அப்பால் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஏறவேண்டும். இதை வெயிலில் வாரக்கணக்கில் செய்தவரின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அந்த ஆண்டு சிட்னியில் நடந்த சல்மன் ஓவியப் பரிசுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இந்தப் படைப்பு தேர்வானது.

அந்த நால்வர் யார் என்று எழுதி வைக்கவில்லை. பெயர் வேண்டாம் என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தேநீர்க் கடையில் இருந்த அம்மையாரிடம் ஓவியத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் மழையைப் பற்றிப் பேசினார். ஏப்ரல் 25-ஐ ஒட்டி நல்ல மழை விழுந்தால்தான் விதைப்பு சரியாக அமையும் என்றும், அந்த மழை பிந்தினால் ஆண்டு முழுவதும் மனம் அடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். நமக்கு ஆடிப்பட்டம், இவர்களுக்கு ஏப்ரல் 25. என் ஊரில் காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று ஜூன் மாதம் முழுக்க மேட்டூர் அணையின் மட்டத்தைப் பேப்பரில் பார்த்துக்கொண்டிருப்போம் என்றேன். அணை எவ்வளவு பெரிது, யார் திறப்பது, பக்கத்து மாநிலம் கொடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் வரிசையாகக் கேட்டார். கடையில் வேறு ஆள் வரும் வரை நீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஓவியத்துக்குத் திரும்பவே இல்லை.

விக்டோரியாவின் இந்தப் பகுதி, 1990-களின் கடைசியில் தொடங்கி 2009 வரை நீண்ட கொடும் வறட்சியைக் கண்டது. நிலங்கள் கைமாறின, பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்தன. எந்திரம் பெருகியதும் வேலைக்கு ஆள் வேண்டாதாயிற்று. அந்தக் காலத்துக்குப் பிறகு இந்த ஊர்களில் மிஞ்சி நின்றவர்கள்தான் சுவரில் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் வெற்றியும் தோல்வியும் தெரியவில்லை. அடுத்த விதைப்புக்கு என்ன செய்வது என்று யோசிக்கிற முகம் அது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரிம்முக்கு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் வட்டார நிர்வாகமும் அரசும் பணம் ஒதுக்கி மற்ற ஊர்களுக்கும் ஓவியர்களை அழைத்தன. இப்போது ஆஸ்திரேலியா முழுக்க 60-க்கும் மேற்பட்ட சைலோக்களில் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் பறவைகளும் டிராக்டர்களும் நிறைய என்று படங்களில் பார்க்கிறேன். அழகுக்குக் குறைவில்லை. ஆனாலும் மனிதரை எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். பறவை சரியில்லை என்று எந்தப் பறவையும் வந்து சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் தன் முகத்தின் அடியில் நடந்து போவார்.

திங்கள் இரவு, ஹோப்டவுன்

இன்று சாலையில் எங்களோடு வந்தது காற்று மட்டும்தான். பியூலாவைத் தாண்டியதும் மண் சிவந்துவிடுகிறது. விம்மெராவின் களிமண் முடிந்து மாலீயின் மணல் தொடங்குகிறது. மாலீ என்பது ஒரே வேரிலிருந்து பல தண்டுகளாகக் கிளைக்கும் குட்டை யூகலிப்டஸ். அதை வேரோடு பெயர்த்துத்தான் இங்கே விளைநிலம் ஆக்கினார்கள். மழை குறைவு, விளைச்சலும் குறைவு.

ரோஸ்பெரியில் காஃபீன் என்ற மெல்பர்ன் பெண் ஓவியர் 2017-இன் கடைசியில் வரைந்தது. இடது சைலோவில் ஒரு இளம் பெண் விவசாயி, வேலைச் சட்டையும் ஜீன்சும் மடித்துவிட்ட பூட்சுமாக. வலதில் தொப்பியணிந்த ஆண், தன் குதிரையோடு. ஆடு வளர்ப்பிலும் பயிரிலும் தலைமை ஏற்று நிற்கும் பெண்களை மனத்தில் வைத்து அந்த முதல் உருவத்தை எழுதியிருக்கிறார். அண்ணன் மகளுக்கு இதுதான் பிடித்தது. நிமிர்ந்து நிற்கும் விதம்தான் பிடித்தது என்றாள். வயலில் பாதி வேலைக்கு மேல் பெண்கள் செய்கிற ஊரிலிருந்து வந்தவள் நான். பட்டாவில் அவர்கள் பெயர் இருக்காது. அந்தப் பெண் நிற்கும் நிலை எனக்கும் பிடித்திருந்தது.

லாசெல்ஸில் ரோன் என்ற ஓவியர் வரைந்தது, 2017. ஒரு சைலோவில் கணவர், மற்றொன்றில் மனைவி. அந்தக் குடும்பம் நான்கு தலைமுறையாக இதே பகுதியில் விவசாயம் செய்கிறது. பெயிண்டில் தண்ணீர் சேர்த்து நீர்த்து, காங்கிரீட்டின் நிறம் ஊடே தெரியும்படி பூசியிருக்கிறார். தூரத்தில் தெளிவாகத் தெரிகிற முகம் கிட்டப் போகப் போகப் புகையாகிறது. ரோனின் மற்ற ஓவியங்களில் இளம் பெண்களின் அழகான முகங்கள்தான் மிகுதி. இங்கே அவர் ஒரு வயதான தம்பதியை எடுத்துக்கொண்டு, அதே மென்மையோடு எழுதியிருக்கிறார். அந்த அம்மாவின் கழுத்துச் சுருக்கத்தில் அவர் கை நின்று நிதானித்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அவருடைய மற்ற ஓவியங்களின் மேல் மதிப்பு கூடிவிட்டது.

செவ்வாய் மதியம், பாட்சிவல்லாக்

பாதையின் வடகோடி இது. இதற்கு அப்பால் பாலைக்குரிய தேசியப் பூங்காக்கள். ஊர் வாசலில் தகரத்தில் செய்த மாலீக் கோழி என்ற பறவை ஒன்று வரவேற்கிறது.

ஃபின்டன் மாகீ என்ற ஓவியர் 2016-இன் கடைசியில் வந்து ஊர் விடுதியில் தங்கியிருந்தார். அங்கே வந்துபோகிறவர்களில் ஒரு விவசாயியைத் தேர்ந்தெடுத்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பவர். 35 மீட்டர் உயர இரட்டைச் சைலோக்களுக்கு அந்த உடல்வாகு பொருந்திவிட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை, வெயிலில் வெளுத்த முடி, கூசும் கண்களால் தொலைவைப் பார்க்கும் பார்வை. அவர் பார்க்கும் திசையிலேயே நானும் பார்த்தேன், வயலும் வானமும்தான். இந்த ஊரில் எங்களைத் தவிர வேறு பார்வையாளர் இல்லை. ஓவியம் வந்துவிட்டது என்பதற்காக, நின்றுபோன ரயில் திரும்ப வந்துவிடவில்லை. இங்கே வருகிறவர்கள் ஒரு காப்பியாவது, ஒரு வேளைச் சாப்பாடாவது உள்ளூரில் வாங்கிச் சாப்பிடுங்கள். படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போவது முறையில்லை.

புதன் மாலை, ஹார்ஷம்

திரும்பும் வழியில் ஹார்ஷம். இது பெரிய ஊர், விளக்குகளும் கடைகளும் இருக்கின்றன. பழைய ஆலையின் சைலோவில் ஸ்மக் என்று அறியப்படும் சாம் பேட்ஸ் வரைந்த ஓவியம். சிவப்பு வாலுள்ள கறுப்புக் காக்கட்டூ கிளிகள் ஒரு பக்கம். மறுபக்கம் யாங்கெண்டியினானுக்.

கிரிக்கெட் பார்க்கிற நம்மவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்குப் போய் ஆடிய முதல் ஆஸ்திரேலிய அணி 1868-இல் போனது. அது ஆதிக்குடி ஆட்டக்காரர்களைக் கொண்ட அணி. அவர்களில் பெரும்பாலோர் இந்த மேற்கு விக்டோரியாக்காரர்கள். 47 ஆட்டங்கள் ஆடினார்கள். 14 வெற்றி, 14 தோல்வி, 19 டிரா. ஒரு வீரர் லண்டனிலேயே காசநோயில் இறந்துபோனார். யாங்கெண்டியினானுக்கை வெள்ளைக்காரர்கள் 'டிக்-எ-டிக்' என்று கூப்பிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் ஒரு கையில் ஒடுங்கிய கேடயமும் மறு கையில் வளைந்த தடியும் பிடித்து நிற்பார். பார்வையாளர்கள் கிட்ட நின்று பந்தை எறியலாம். எல்லாவற்றையும் தட்டிவிடுவார். அந்தத் தடி இன்றும் லார்ட்ஸ் மைதானத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1864-இல், இதே பகுதியின் புதர்க்காட்டில் மூன்று வெள்ளைக்காரக் குழந்தைகள் தொலைந்துபோனார்கள். நாள்கணக்காகத் தேடியும் கிடைக்காதபோது ஆதிக்குடித் தடம் பார்ப்பவர்களை அழைத்தார்கள். ஒன்பதாம் நாள் பிள்ளைகளை உயிரோடு கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்களில் ஒருவர் இவர் என்று சொல்கிறார்கள்.

அவரைக் கூப்பிட்ட பெயரை விட்டுவிட்டு அவருடைய சொந்தப் பெயரால் இங்கே வைத்திருக்கிறார்கள். பிரிம்மில் பெயரில்லாமல் விட்டது எவ்வளவு சரியோ, இங்கே பெயரைத் திருப்பிக் கொடுத்தது அவ்வளவு சரி. பிரிம்மின் நால்வருக்கு ஊரே சாட்சி. இவருடைய பெயரை நூறாண்டுக்கு மேல் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

அந்த அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்கு முன் பயிற்சி எடுத்தது எடன்ஹோப்பில், வாலஸ் ஏரிக்கரையில். இங்கிருந்து மேற்கே நூறு கிலோமீட்டருக்குள்தான். அண்ணன் மகளுக்கு நாளை மறுநாள் வேலைக்குப் போகவேண்டும். காலையில் சீக்கிரம் கிளம்பினால் பார்த்துவிட்டு இரவுக்குள் மெல்பர்ன் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். வண்டிக்கு பெட்ரோல் இப்போதே நிரப்பியாயிற்று.